தொலைவில் இருப்பவரும் அருகில் இருப்பவரும்

கேதம் சொல்லப் போன கால்களுக்கு இந்த வறண்ட சீமையில் ஓய்வு கிடைத்து அதிகக் காலம் ஆகிவிடவில்லை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட மானாவாரிக் காட்டில், குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களில், ஒருவர் இறந்துவிட்டால் உறவினர் வாழும் ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்ப வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் தலித் தெருவைச் சேர்ந்தவராக இருப்பார். அது அவர் விரும்பி ஏற்ற தொழிலன்று. சாதி அவர்மேல் சுமத்திய கடமை. வெயிலில் கண்மாய்க்கரை வழியே பல மைல் நடந்து போய், வீட்டுக்குள் நுழையாமல் தெருவில் நின்றபடியே செய்தியைச் சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். செய்தியை யார் சுமக்கலாம், எங்கே நின்று சொல்லலாம், எந்தக் குரலில் சொல்லலாம் என்பதற்கெல்லாம் அன்று ஒரு முறைமை இருந்தது. அம்முறைமையில் மரியாதையும் இருந்தது. ஆனால் அம்மரியாதை முழுவதும் செய்தியைப் பெறுகிறவருக்கே உரியதாயிருந்தது. கொண்டுவந்தவருக்கு அதில் பங்கில்லை.

செல்போன் வந்து பண்பாடு கெட்டுவிட்டது என்று நம்மவர் பேசும்போதெல்லாம் நடந்து தேய்ந்த அந்தக் கால்கள் நம் நினைவுக்கு வருகின்றன. பொது இடங்களிலும் பயணங்களிலும் கைப்பேசியை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் ஒழுங்கின் வரலாற்றை எழுதப் புகும் நாம், பழையது யாவும் பொற்காலம் என்ற கற்பனையோடு தொடங்க விரும்பவில்லை.

அஞ்சலும் தந்தியும் வந்த பின்னர் முறைமை சற்றே மாறியது. தந்திக்காரர் சைக்கிளில் தெருவுக்குள் திரும்பினாலே போதும், உறையைப் பிரிக்கும் முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். எழுத்தறியாத வீட்டில் அதைப் படித்துச் சொல்ல ஆசிரியரையோ உபதேசியாரையோ தேடி ஓட வேண்டும். படித்தவர், தம் கண்ணில் பட்டதைப் பிறரிடம் சொல்லாமல் காக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலை 15 முதல் நிறுத்தப்பட்டபோது, அதோடு இந்த எழுதப்படாத சட்டமும் ஓசையின்றி மறைந்தது.

தொலைபேசி நம் நாட்டுக்குப் புதிதன்று. கிரகாம் பெல் 1876-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற ஆறே ஆண்டுகளில், 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாய் நகரங்களோடு சென்னையிலும் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. ஆனால் சென்னைக்கு வந்தது கரிசல் காட்டுக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு பிடித்தது. (பெல் பெருமகனார் தொலைபேசியை எடுத்தவுடன் 'அஹாய்' என்று மாலுமிகளைப் போல் அழைக்க வேண்டுமென விரும்பினார், எடிசன் முன்வைத்த 'ஹலோ' வென்றுவிட்டது. நம் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் தொலைபேசியை எடுத்ததும் 'இயேசுவுக்கே புகழ்' என்பார்கள். மறுமுனையில் பேசுகிறவர் மின்கட்டணக் கணக்கெடுப்பாளராயிருந்தால் சற்றுத் திகைப்பார்.)

1984-இல் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டு, சாம் பிட்ரோடா போன்றோரின் முயற்சியால் கிராமங்களுக்கேற்ற சிறு இணைப்பகங்கள் உள்நாட்டிலேயே உருவாயின. அதன் பின்னரே நம் பக்கத்து ஊர்களில் கடைக்காரர் வீட்டிலோ பஞ்சாயத்துத் தலைவர் வீட்டிலோ ஒரு கறுப்புக் கருவி குடியேறியது. ஊர் முழுவதற்கும் அது ஒன்றுதான். திருமண அழைப்பிதழ்களில் 'பி.பி.' என்ற இரண்டெழுத்தோடு அக்கடைக்காரரின் எண் அச்சாகும். அழைப்பு வந்தால் கடைப்பையன் தெருமுனையில் நின்று பெயர் சொல்லிக் கூவுவான். அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கிவைத்துவிட்டு ஓடி வர வேண்டும். பத்து நிமிடங்கழித்து மீண்டும் மணி ஒலிக்கும். கடையில் நிற்பவர் அனைவரும் காது கேளாதவர்போல் பருப்பு விலையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் ஒரு சொல்லும் தப்பாது. ஆயினும் கேளாததுபோல் இருந்த அந்தப் பாவனையை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஏழைகள் ஒருவர்க்கொருவர் கட்டிக்கொடுத்த சுவர் அது.

பின்னர் எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. மஞ்சள் பலகை, கண்ணாடி அறை, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், தலைக்குமேல் ஓடியும் ஓடாமலும் ஒரு சிறு விசிறி. இரவு நேரத்துக் குறைந்த கட்டணத்துக்காக அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தருகே ஆலைத் தொழிலாளர்களும் இராணுவ வீரர்களின் மனைவியரும் வரிசையில் காத்து நின்ற காலம் அது. உள்ளே ஒருவர் அழுவது தெரியும்; ஆனால் ஏன் அழுகிறார் என்பது கேட்காது. வரிசையில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெளியே வருகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டணத்தைச் செலுத்திவிட்டுப் போவார். கண்ணாடியாயினும் கதவு கதவுதானே!

இவ்விடத்தில் குருமாணவப் பருவத்தில் கற்ற ஒரு வரலாற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நம் ஆலயங்களில் பழைய மரத்தாலான பாவசங்கீர்த்தனத் தொட்டி பலருக்கும் நினைவிருக்கும். தொடக்கத் திருச்சபையில் அப்படியொரு தொட்டி கிடையாது. பதினாறாம் நூற்றாண்டில் மிலான் நகரப் பேராயராயிருந்த புனித சார்லஸ் பொரோமேயோ, ஆலயக் கட்டுமானத்தைப் பற்றி 1577-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், குருவுக்கும் பாவியறிக்கை செய்பவருக்கும் இடையே துளையிட்ட தடுப்பு இருக்கவேண்டிய விதத்தை விரிவாக வகுத்தார். அத்தொட்டி ஆலயத்தின் திறந்த பகுதியில், பலரும் காணும் இடத்தில் அமைய வேண்டும்; ஆயினும் சொல்லப்படுவது பிறர் செவிக்கு எட்டலாகாது. பலர் நடுவே ஒருவர் தனித்துப் பேசுவதற்கு இடம் செய்து கொடுத்தது அது. மஞ்சள் பலகைக் கண்ணாடி அறை, தன்னையறியாமலே, பொரோமேயோவின் மரபில் வந்தது என்பது நம் எண்ணம்.

அதே காலத்தில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. தொலைவில் இருக்கும் குருவுக்குக் கடிதம் வாயிலாகவோ தூதர் வாயிலாகவோ பாவங்களை அறிக்கையிட்டு, தொலைவிலிருந்தே பாவமன்னிப்பைப் பெறலாமா? பெறலாம் எனச் சிலர் வாதிட்டனர். திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் காலத்தில், 1602 ஜூன் 20 அன்று, இக்கருத்து தவறானதெனக் கண்டிக்கப்பட்டது. தந்தியோ தொலைபேசியோ கனவிலும் இல்லாத காலத்தில், நேரில் இருத்தல் என்பதற்கு ஈடில்லை எனத் திருச்சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான்கு நூற்றாண்டுகள் கழித்து, 2002-இல் வத்திக்கானின் சமூகத் தொடர்புப் பணிக்குழு இணையத்தைப் பற்றி வெளியிட்ட ஏட்டிலும், இணையத்தின் வழியாக அருளடையாளங்கள் இல்லை என்றே கூறப்பட்டது. யோவானின் இரண்டாம், மூன்றாம் திருமுகங்களின் முடிவைத் திறந்து பாருங்கள். எழுத வேண்டியவை பல இருந்தும் தாளையும் மையையும் கொண்டு எழுத விரும்பாமல், நேரில் வந்து முகமுகமாய்ப் பேச ஏங்கும் ஒரு முதியவரின் குரல் அங்கே கேட்கிறது. அக்குரலைக் கேட்டு வளர்ந்த சமயத்தார் நாம். ஆகவே, அருகில் இருப்பவர் முன்னிலையில் தொலைவில் இருப்பவரோடு பேசும் இந்தக் கருவியைப் பற்றி நமக்கென்று ஒரு கருத்து இருக்கத்தான் வேண்டும்.

1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவொன்றில் நின்றபடி மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியாளர், கையில் பிடித்த கருவியால் போட்டி நிறுவனத்துப் பொறியாளர் ஒருவரை அழைத்தார். நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மைய அமைச்சர் சுக்ராமை அழைத்துத் தொடங்கிவைத்தார். அப்போது நெரிசல் நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் பணம் கொடுக்க வேண்டும். அந்நாளில் கைப்பேசியில் எவரும் நீட்டி முழக்கிப் பேசவில்லை. பண்பாட்டினால் அன்று, கட்டணத்தினால்! 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டில் 501 ரூபாய்க்குக் கைப்பேசி தருவதாக ரிலையன்ஸ் விளம்பரம் செய்தது. அதன் பின் சில ஆண்டுகளில் விறகு வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் இடுப்பிலும் கைப்பேசி ஏறிவிட்டது. ஒரு முறை ஒலிக்கவிட்டுத் துண்டித்தால் 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று பொருள், இரு முறை ஒலித்தால் 'நீ கூப்பிடு' என்று பொருள் எனக் காசில்லாதவர் ஒரு மொழியையே படைத்துக்கொண்டார்கள்.

ஆனால் கருவி கைக்கு வந்தபோது கண்ணாடி அறை உடன் வரவில்லை. இதுவே சிக்கலின் வேர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் பேருந்தில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால், யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் நகை எந்த வங்கியில் மூழ்கப் போகிறது, மதுரை மருத்துவர் என்ன நோய் என்று சொன்னார் என்பதெல்லாம் நம் செவிக்கு வந்துவிடும். கேட்பவர் எவரும் கேட்க விரும்பியவரல்லர். பயணிகள் அனைவரும் வலுக்கட்டாயமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களாக்கப்படுகிறார்கள். ஆனால் இரகசியம் காக்கும் கடமை மட்டும் அவர்களுக்கு இல்லை. இப்போது பேச்சோடும் நிற்பதில்லை. காணொளிகளின் ஓசையை முழுதாகத் திறந்துவிட்டு, பேருந்து முழுவதும் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். (ஆலயக் கோபுரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டி விடியற்காலையில் ஊரையே எழுப்பிய சமூகம் இதைக் குறைகூறும்போது சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொள்வதே அழகு.)

பிற நாட்டினர் என்ன செய்தனர்? சப்பானியர் கைப்பேசியில் ஓசையை அடக்கி வைக்கும் நிலைக்கே 'மேனர் மோடு', அதாவது நன்னடத்தை நிலை, என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொடர்வண்டிக்குள் அழைப்பில் பேசுவது அங்கே நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியாவிலிருந்து வாசிங்டனுக்கு அதிகாலையில் பயணம் செய்தோர் கேட்டுக்கொண்டதால், 2000-இல் ஆம்ட்ராக் தொடர்வண்டிகளில் 'அமைதிப் பெட்டி' பிறந்தது. நம் இரயில்வேயும் இரவு 10 மணிக்குமேல் கைப்பேசியில் உரத்துப் பேசுவதும் பாட்டு வைப்பதும் கூடாதென 2022 ஜனவரியில் அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் இருக்கிறது, தூக்கந்தான் இன்னும் வரவில்லை.

விமானத்தின் கதை இவற்றினும் சுவையானது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போகும் நம் பிள்ளைகள், விமானத்தில் கைப்பேசியை அணைக்கச் சொல்வது விமானம் விழுந்துவிடும் என்ற அச்சத்தால் என நினைக்கிறார்கள். விமானக் கருவிகளைப் பற்றிய எச்சரிக்கை ஒரு காரணம்தான். ஆனால் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 1991-இல் பறக்கும் விமானத்தில் கைப்பேசியைத் தடை செய்தபோது, அதன் முதன்மையான கவலை தரையைப் பற்றியது. உயரத்தில் விரைந்து செல்லும் ஒரு கைப்பேசி ஒரே நேரத்தில் பல கோபுரங்களைத் தொட்டு, கீழே பேசுவோரின் இணைப்புகளைக் குழப்பும். பின்னர் விமானத்துக்குள்ளேயே சிறு நிலையம் அமைத்து இச்சிக்கலைத் தீர்க்கும் நுட்பம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் அதற்கு வழிவிட்டது. அமெரிக்க ஆணையமும் 2013-இல் தடையை நீக்க முன்மொழிந்தது. அப்போது எழுந்த எதிர்ப்பைக் கவனியுங்கள். விமானப் பணியாளர்களும் பயணிகளும், இறங்கிச் செல்ல வழியில்லாத ஒரு கூண்டில் மணிக்கணக்காகப் பிறர் பேச்சைக் கேட்க முடியாதென்று போர்க்கொடி தூக்கினர். அஜித் பை தலைமையிலிருந்த ஆணையம் 2020-இல் அம்முன்மொழிவை அடியோடு கைவிட்டது. பொறியாளர் காட்டிய காரணம் போன பின்னும் அயலார் காட்டிய காரணம் நின்றுவிட்டது. இந்தியாவில் 2014-இல் 'விமான நிலை'யில் வைத்துக் கருவியைப் பயன்படுத்த இசைவு கிடைத்தது. 2018 டிசம்பரில், உயரே பறக்கையில் இணையமும் அழைப்பும் வழங்குவதற்கான விதிகள் வந்தன. ஆயினும் சக்கரம் தரையைத் தொட்ட அந்த நொடியிலேயே, இருக்கைவார் கழற்றும் முன்னரே, விமானம் முழுவதும் 'இறங்கிட்டேன்' என்ற ஒரே சொல் பல குரல்களில் எழுவதைக் கேட்டோர் அறிவர். அந்தச் சொல்லின்மேல் நமக்குக் கோபம் வருவதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிற மகன் வேறு எதைச் சொல்வான்?

நம் மாநிலத்தில் இவ்வழக்கு நீதிமன்றம் ஏறியது கோயில்களை முன்னிட்டே. 2018 பிப்ரவரி 2 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நேர்ந்தபின், பாதுகாப்புக் கருதி அவ்வாண்டு மார்ச்சில் அங்கே பக்தர்கள் கைப்பேசி கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டது. திருச்செந்தூர் கோயிலைப் பற்றிய வழக்கில் 2022 டிசம்பர் 2 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்கள் அனைத்திலும் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு இந்து சமய அறநிலையத்துறைக்கு ஆணையிட்டது. கருவறையைப் படம் பிடித்துப் பரப்புவது வழிபாட்டின் தூய்மையையும் கோயிலின் பாதுகாப்பையும் குலைக்கும் என்பது வழக்கின் சாரம். 2023 அக்டோபர் முதல் பழனி மலைக்கோயிலிலும் தடை நடைமுறைக்கு வந்தது. வாசலில் கைப்பேசியை ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே செல்லும் இந்து சகோதரரைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. இத்தகைய மௌனத்தின் மேன்மை நம் மண்ணுக்கு அந்நியமன்று. மௌனத்தையே உபதேசமாக வழங்கிய இரமண மகரிஷி 1879-இல் பிறந்தது இதோ இந்தத் திருச்சுழியில்தான்.

நம் ஆலயங்களில் என்ன நிலை? மெக்சிகோ நாட்டின் மொந்தெரேய் நகரில் 2004-இல் சில ஆலயங்கள், திருப்பலியின்போது கைப்பேசி அலைகளைத் தடுக்கும் கருவிகளைப் பொருத்தின. இந்தியாவில் தனியார் அப்படிச் செய்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டம் அனுமதித்தாலும் நாம் அதை விரும்போம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பர் 8 அன்று, புதன் மறைக்கல்வியுரையில், திருப்பலியில் கைப்பேசிகள் உயர்த்தப்படுவதைக் கண்டு தாம் வருந்துவதாகச் சொன்னார். இதயங்களை எழுப்பச் சொல்லும் நேரத்தில் கைப்பேசிகள் எழுகின்றன என்றும், அவ்வாறு செய்பவர்களில் குருக்களும் ஆயர்களும் உண்டென்றும் வெளிப்படையாகவே கூறினார். பின்னர் 2020 வந்தது. ஊரடங்கில் குருத்து ஞாயிறும் உயிர்ப்புப் பெருவிழாவும் நம் மக்களுக்குக் கைப்பேசித் திரையில்தான் கிடைத்தன. ஆலயத்துக்குள் நுழையாதே என்று நாம் விரட்டிய கருவியே, அவ்வாண்டில் ஆலயத்தை வீட்டுக்குச் சுமந்து சென்றது.

ஞாயிறு காலைத் திருப்பலியில் ஒலிக்கும் கைப்பேசி யாருடையது என்று கவனித்து வந்திருக்கிறோம். படித்த இளைஞருடையது அதிர்வோடு நின்றுவிடும். ஓசையோடு கத்துவது பெரும்பாலும் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் ஒரு மூதாட்டியின் பழைய பொத்தான் கைப்பேசி. பச்சைப் பொத்தானை அழுத்தத் தெரியும். சிவப்பை அழுத்தத் தெரியும். ஓசையை அடக்க எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. இங்கே காலை 7 மணி என்றால் சவூதியில் 4.30. முகாமிலிருந்து வேலைக்கு வண்டி ஏறுமுன் மகனுக்குக் கிடைக்கும் நேரம் அதுவே. ஞாயிறு அங்கே வேலைநாள். பீடத்திலிருந்து கடிந்துகொண்டால் அக்கடிதல் முழுவதும் ஏழையின் தலையில்தான் விழும். நம் பங்கில் இப்போது இளையோர் இருவர் திருப்பலிக்கு முன் வாசலில் நின்று முதியோரின் கருவிகளை வாங்கி ஓசையடக்கிக் கொடுக்கிறார்கள். அவசர அழைப்பை எதிர்பார்ப்பவர் வேப்பமரத்தடியில் உள்ள கடைசி விசுப்பலகையில் அமரலாம். பிறர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு எழுதியும் தீராத ஒரு வழக்கு நம்மிடம் உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் குமாரலிங்கபுரத்துப் பெரியவர் ஒருவரின் அடக்கம். மூத்த மகன் வளைகுடாவில், விடுப்புக் கிடைக்கவில்லை. "சாமி, அவன் பாக்கணும்னு கெஞ்சுறான். செல்ல மட்டும் புடிச்சுக்கட்டுமா?" என்று பேரன் வந்து கேட்டான். கூட்டத்துக்குமேல் உயர்த்தக் கூடாது, நற்கருணை மன்றாட்டு முடியும்வரை கீழே வைத்திருக்க வேண்டும், கல்லறையில் பெட்டியின் தலைமாட்டில் நின்று பிடித்துக்கொள்ளலாம் என்று சொன்னோம். அவன் அப்படியே செய்தான். மண் தள்ளும்போது மூத்த மகன் நிற்கவேண்டிய இடத்தில் அந்தப் பையன் கையை நீட்டி நின்றான். நாம் செபத்தைத் தொடங்கியபோது திரையிலிருந்து ஓர் ஆணின் அழுகுரல் பெரிதாக எழுந்தது. உபதேசியார் பதறி, ஓசையைக் குறைக்கும்படி கையால் சைகை காட்டினார். இறந்தவரின் மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். அழுகை அடங்கும்வரை செபத்தை நிறுத்தி நாமும் காத்து நின்றோம்.